பொருள்: ஸ்க்ரீன் ரீடருக்கு என்ன சொல்ல? வியாழனுக்குள்ள வேணும்

தாராவி, ஞாயிறு இரவு
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் பார்வையில்லாத பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு, நெட்லேர்ந்து இறக்கின ஃபைலை எங்க சேவ் பண்றது, என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் (கம்ப்யூட்டர்ல இருக்கறதை வாய்விட்டுச் சொல்ற மென்பொருள்) வச்சு எப்படி கேக்கறதுன்னு ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், முதல் வரியிலயே நின்னுட்டேன். திரைவாசிப்பான், திரைப்படிப்பான், திரைப்படிப்பி மூணும் கண்ணுல பட்டுச்சு. எதைப் போட?

மாட்டுங்கா, திங்கள் காலை
அம்மா, ‘வாசி’ வடமொழி வேர், வேண்டாமே. ‘படிப்பான்’னா அவன் நாளைக்குப் படிப்பான்னு வினைமுற்றாவும் நிக்கும். நம்மகிட்ட ‘ஓது’ இருக்கு. வாய்விட்டுச் சொல்றதுதான் ஓதறது, கோயில்ல பாடறவர் ஓதுவார் ஆனது அதனாலதான். இகர விகுதி சேர்த்தா திரையோதி. மண்வெட்டி, தேங்காய்துருவி மாதிரி கருவிப்பெயர்.

செம்பூர், திங்கள் மதியம்
ஐயா, சங்கப் பாட்டுல ஓதின்னா கூந்தல். திரைக்கு அலைன்னும் பொருள் உண்டு. திரையோதின்னா எனக்கு அலையலையான கூந்தல்தான் தெரியுது! துடைப்பான், கணிப்பான் எல்லாம் கருவிதானே, அதை யாரும் வினைமுற்றுன்னு குழப்பிக்கலையே. அக்கா, படிப்பான்னே வச்சாலும் ப் போடாதீங்க. திரையைப் படிக்கறதுன்னு இரண்டாம் வேற்றுமைத்தொகை, வல்லினம் மிகாது.

மாட்டுங்கா, திங்கள் இரவு
கூந்தல் ஓதி வேற சொல், ஓதுங்கற வினையோட அதைக் கலக்கக் கூடாது தம்பி. திரைக்கு சுருக்கம்னும் பொருள் இருக்கு, நரை திரைன்னு சொல்றோமே, அதனால திரையை விட்டுடுவோமா?

முலுண்ட், செவ்வாய்
நான் தினமும் இதுலதான் வேலை பாக்கறேன், அதனால சொல்றேன். விடவேண்டியது திரையைத்தான் ஐயா. என் லேப்டாப் திரை அணைஞ்சேதான் இருக்கும். இது திரையைப் பாக்கறதே இல்ல, எது தலைப்பு எது பட்டன்னு உள்ள இருக்கற தகவலைக் கேட்டு வாங்கி சொல்லுது. ஸ்கேன் பண்ண பிடிஎஃப் உங்க கண்ணுக்கு எழுத்தா தெரியும், உள்ள வெறும் படம், எனக்கு ஒரு சொல்லும் வராது, என்விடிஏ விசையோட ஆர் அழுத்தி படத்துல இருக்கற எழுத்தை அடையாளம் காணற எழுத்துணரியை ஓடவிட்டாதான் ஏதாவது கிடைக்கும். பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் இன்னும் மோசம், நீங்க ‘தமிழ்’னு பாக்கற இடத்துல அடியில இருக்கறது ஜே கே பி ஓங்கற ஆங்கில எழுத்துங்க, என் காதுல விழறதும் அந்தக் குப்பைதான். 2006ல என்விடிஏவைத் தொடங்கின ஆஸ்திரேலியருக்கும் பின்னாடி அவரோட சேர்ந்த இன்னொருத்தருக்கும் பார்வை கிடையாது, அதோட பேர்ல ஸ்க்ரீனே இல்ல, பார்வையில்லாம டெஸ்க்டாப்பை அணுகறதுன்னுதான் அதோட விரிவு.
நீங்க சொன்ன எல்லாச் சொல்லையும் நான் வழக்கமா கேக்கற வேகத்துல ஓடவிட்டேன். ப் வச்ச ரெண்டும் திரைப்படம்னே காதுல விழுது. காதால பழகறவங்களுக்கான சொல், காதுல வச்சுப் பாத்துட்டு எடுங்க. எனக்கு ‘கேட்பி’ போதும்.

செம்பூர், செவ்வாய் இரவு
அண்ணா, கேட்பின்னா கேக்கற ஆள்னு ஆகுமே? கருவி கேக்கல, சொல்லுது. அக்கா, இன்னொண்ணு, இறக்கறதுக்கு பதிவிறக்கம்னே எழுதுங்க, தரவிறக்கம்னு இங்க பாதி பேர் எழுதறாங்க, ஆனா பிள்ளைங்க ஃபோன் பதிவிறக்குன்னுதான் சொல்லும்.

தாராவி, புதன்
நாலு பேருக்கு நாலு சொல், இதுக்கு மேல இழுக்க நேரமில்ல. திரைவாசிப்பான்னு போட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்துலயே ஸ்க்ரீன் ரீடர்னும் எழுதிட்டேன், வகுப்புல பிள்ளைங்க அப்படித்தான் கேக்கறாங்க. யூனிகோட்ல அடிச்சு வேர்ட் ஃபைலா சேவ் பண்ணியிருக்கேன், தலைப்பெல்லாம் தலைப்பாவே குறிச்சிருக்கேன். முலுண்ட் அண்ணா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

மாட்டுங்கா, புதன்
‘வாசி’க்கு என் சம்மதம் இல்ல, அதைப் பதிஞ்சு வையுங்க.

முலுண்ட், புதன் இரவு
தலைப்புகள் எல்லாம், தலைப்புக்குத் தலைப்பு தாவற ஹெச் விசைக்கு ஒழுங்கா வருது, ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. ரெண்டாம் பக்கம் மூணாவது படியில சேவ் பண்ற இடம் விட்டுப்போச்சு, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்னு சேருங்க. ‘திரை’ எனக்கு இன்னும் ஒப்பல.