கவுன்சலிங் அறையில் வீடியோ கேம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
குழந்தைகளுக்கான ஆலோசகராக இருக்கிறேன். அப்பா அம்மா பிரிந்த பிறகு பேச்சையே குறைத்துக்கொண்ட ஒரு பையனை அழைத்து வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). படம் வரையச் சொன்னால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவான். கட்டைகளை அடுக்கி வீடு, ஊர் என்று கட்டும் மைன்கிராஃப்ட் கேம் என்றால் உயிர் என்று அவன் பாட்டி சொன்னார். சரி என்று ஆளுக்கொரு டேப்லெட்டோடு ஒரே உலகத்துக்குள் நுழைந்தோம்.

மலையைக் குடைந்து அறை கட்டினான். இரும்புக் கதவு போட்டான். கடினமான நிலையில் விளையாடினால் மரக் கதவை ஜாம்பி உடைத்துவிடும், இரும்பை உடைக்காது. ஆனால் இரும்புக் கதவு கையால் திறக்காது. பட்டனோ லீவரோ வேண்டும். அவன் உள்பக்கம் மட்டும் பட்டன் வைத்தான்.

"நான் உள்ள வரணும்னா?"

"வெளிய நில்லுங்க மிஸ். பார்த்துட்டு நான் திறப்பேன்."

"வீட்லயும் இப்படி ஒரு ரூம் இருந்தா நல்லா இருக்குமா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அப்பா போன்ல கத்தும்போது வேணும்."

அதுவரை அப்பா என்ற சொல்லே அவன் வாயில் வந்ததில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அன்றும் வந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு வேலை இருக்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது.

"கேம் ஆடவா கூட்டிட்டு வந்தோம்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. ஆனால் நியூசிலாந்தில் மனச்சோர்வுள்ள பதின்வயதினருக்காகவே ஸ்பார்க்ஸ் என்றொரு கேமை உருவாக்கினார்கள். எதிர்மறை எண்ணங்கள் அதில் பூச்சிகளாகப் பறந்து வரும். 187 பேரிடம் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள்: வழக்கமான சிகிச்சைக்கு அது சளைத்ததல்ல. பயத்தைப் போலவே இதையும் பெற்றோரிடம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாம்பரத்தான்:
நான் சிகிச்சை பெற்றவன். பைக் விபத்துக்குப் பிறகு அந்த லாரியின் ஹெட்லைட் நினைத்த நேரத்தில் கண்ணுக்குள் அடிக்கும். என் சைக்காலஜிஸ்ட் அந்தக் காட்சியைச் சில நொடிகள் மட்டும் நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லி, உடனே டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் கேம்) ஆட வைத்தார். அடுத்து விழப்போகும் கட்டையை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விரலை அசைக்க வேண்டும். மூளையின் காட்சிப் பகுதிக்கு இப்படி வேலை கொடுத்தால் பழைய காட்சி அதே கூர்மையோடு மறுபடி பதியாது என்று விளக்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 விபத்து நோயாளிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே வந்தன.

எனக்கு ஹெட்லைட் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் வருவது அபூர்வம், வந்தாலும் உடம்பு உதறுவதில்லை. அப்புறம் ஒன்று: வீட்டில் சும்மா ஆடியபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. காட்சியை எப்போது தொடுவது, எப்போது விடுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு அம்மா:
மதுரைக்காரி அக்கா, என் மகன் ராத்திரியெல்லாம் துப்பாக்கி கேம்தான். அவனுக்கும் இது சரிவருமா?

மதுரைக்காரி:
வரும்மா, ஆனால் அதே கேமில் தொடங்க மாட்டேன். முதலில் அவன் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வரக்கூடிய ஆட்டத்தை நான் அறையில் பயன்படுத்துவதில்லை. நேரம் முடிவதற்கு முன்பே திரையை அணைத்துவிட்டுப் பேசவும் வைப்பேன். அந்தக் கேமில் அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள். அவன் சொல்வதை வைத்து எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.