கோபம், பேச்சு, பசி: அடக்குவதா, திருப்பிவிடுவதா?

தியானப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை விழுங்கப் பார்க்கிறார்கள். பௌத்தத்தின் மச்சிம நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் 20ஆவது சூத்திரம், தீய எண்ணத்தை விலக்க 5 வழி சொல்கிறது. பல்லைக் கடித்து மனத்தை நசுக்குவது அதில் கடைசி வழி. முதல் வழி, தச்சர் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பைக் கழற்றுவதுபோல, அந்த எண்ணம் இருக்கும் இடத்தில் நல்லதொன்றை வைப்பது. அது பலிக்காவிட்டால் அதன் கேட்டை எண்ணிப் பார்ப்பது, பிறகு கண்டுகொள்ளாமல் விடுவது, பிறகு அது கிளம்பிய வேரைத் தேடி வேகத்தைத் தணிப்பது. இந்த வரிசை ரொம்ப முக்கியம். கடைசி வழியை முதலில் பிடித்தவர் வெளியே சாந்தமாகத் தெரிவார். சாயங்காலம் சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல் பாய்வார்.

——

அந்தச் சின்ன ஆப்பாக ஜபத்தை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உள்ளுக்குள் சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்று கேள்விப்பட்டு எடுத்த எடுப்பிலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆத்திரம் தலைக்கேறியிருக்கும்போது மானசம் நிற்காது. ஜபமாலையில் 10 மணிகள் விரலில் உருண்டிருக்கும், உள்ளே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொன்னால் மூச்சை நீட்டி விட்டாக வேண்டும்; பாதிச் சூடு அதிலேயே இறங்கிவிடும். மூச்சுக்கு ஒரு மணி, அதற்கு மேல் வேண்டாம். மாலை விறுவிறுவென்று ஓடினால் கோபம் விரலுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். 108 முடிந்து கட்டைவிரல் மேரு மணியில், அதாவது மாலையின் தலைமணியில், முட்டும். அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று, தாடை இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கம் இருந்தால் இன்னொரு சுற்றும் வாய்விட்டே. தளர்ந்திருந்தால் உபாம்சுவுக்கு மாறலாம்.

——

மௌனத்திலும் இதே சிக்கல்தான். வாயை மூடியதும் பேச்சு கைக்கு வந்துவிடுகிறது: துண்டுச்சீட்டு, சைகை, வாட்ஸ்அப். சைகையும் இல்லாத மௌனத்துக்குக் காஷ்ட மௌனம் என்றே பெயர், கட்டைபோல இருப்பது. நாள் முழுக்க வேண்டாம், 1 மணி நேரம் போதும். ஆனால் வழக்கமாக அதிகம் பேசும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

உபவாசத்தில் சாப்பாட்டு வேளையைக் காலியாக விடாதீர்கள். அந்த அரைமணியில் பாராயணமோ நடையோ இல்லையென்றால், விரதம் முடிந்ததும் என்னென்ன சாப்பிடலாம் என்று நாக்கு பட்டியல் போட ஆரம்பிக்கும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

——

எல்லாக் கோபத்தையும் ஜபத்தில் கரைத்துவிடவும் கூடாது. அநியாயம் கண்டு வந்த கோபமாக இருந்தால், சூடு தணிந்தபின் சம்பந்தப்பட்டவரிடம் போய் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் மறுநாள் ஜபமாலையைக் கையில் எடுத்ததும் அதே கோபம்தான் முதலில் வந்து நிற்கும்.