பெரியாஸ்பத்திரி ஊழியத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி

அரசரடி அக்கா:
லெந்து, அதான் ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள், தொடங்கினா கஞ்சித் தூக்கோட மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புற சபைகள் அதிகம். கஞ்சி யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. படுத்திருக்கிறவருக்கு இல்ல, உசிலம்பட்டியிலேருந்தும் ராமநாதபுரத்திலேருந்தும் வந்து வராண்டாவுல துண்டு விரிச்சுக் கிடக்கிறாங்களே, கூட இருக்கிறவங்க, அவங்களுக்கு. ஆபரேஷனுக்காக வெறும் வயிறா இருக்கிறவருக்குப் பாவம் பார்த்து அரை டம்ளர் ஊத்தினா ஆபரேஷனே தள்ளிப்போகும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயித்துல இருக்கிறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும்ங்கிற பயம்தான்.

1 கிலோ நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, 10 லிட்டர் தண்ணி, ஒரு கைப்பிடி பூண்டு, கொஞ்சம் சீரகம், வெந்தயம். பெரிய டம்ளர்ல சுமாரா 30 வரும். தேங்காய்ப்பால் வேண்டாம், பங்குனி வெயில்ல அதுதான் முதல்ல புளிக்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கி மூடுங்க, 2 மணி நேரத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடுங்க. தொட்டுக்க ஊறுகாய் போதும்.

ரிட்டயர்டு சிஸ்டர்:
அக்கா கஞ்சிக்குச் சொன்ன எச்சரிக்கை பழத்துக்கும் பொருந்தும். நோயாளியைப் பார்க்கன்னாலே சாத்துக்குடி, இல்லன்னா இளநீர். சிறுநீரக வார்டுக்கு ரெண்டும் ஆகாது, வாழைப்பழமும் ஆகாது. எல்லாத்துலயும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ்ல இருக்கிறவர் உடம்பு அதை வெளியேத்தாது, இதயத் துடிப்பே தாறுமாறாகிடும். எது வாங்கினாலும் வார்டு சிஸ்டர்கிட்ட காட்டிட்டுக் கொடுங்க.

என்ன வேணும்னு கூட இருக்கிற அம்மாகிட்டயே கேட்டுப் பாருங்க. பழம்னு சொல்லவே மாட்டாங்க. சோப்பு, வாளி, பாய், மாத்து நைட்டி, போன் சார்ஜர். பர்திமேயுவுக்குக் கண் தெரியலங்கிறது ஊருக்கே தெரியும். அப்படியும் என்ன வேணும்னு கேட்டுட்டுத்தான் இயேசு சுகமாக்கினார், பைபிள்ல மாற்கு 10ல இருக்கு.

ஜெபக்குழு அண்ணன்:
ஜெபம் பண்ணலாமான்னு கேளுங்க. வேண்டாம்னா, "சரிம்மா, சாப்பிட்டீங்களா?"ன்னு பேச்சைத் தொடருங்க. சரின்னா அவருக்கு மட்டும் கேட்குற குரல் போதும். பக்கத்துக் கட்டில்ல மீனாட்சி குங்குமம் வச்சுப் படுத்திருக்கிறவருக்கும் தூக்கம் வேணும். கட்டில்ல உட்காராதீங்க, டிரிப்ஸ் டியூப் நசுங்கும். சுவிசேஷ நோட்டீஸைக் கஞ்சி டம்ளரோட சேர்த்து நீட்டுறது ரொம்பத் தப்பு. அதை வாங்கினாத்தான் கஞ்சின்னு நினைச்சுக்குவாங்க. எந்தப் பாவத்துக்கு இந்த வியாதின்னு ஆராய்ச்சியும் வேண்டாம். இயேசுவோட சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டு என்ன பதில் வாங்கினாங்கன்னு யோவான் 9ல பாருங்க.

வாலிபர் ஐக்கியம்:
ரத்ததானத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. பெரிய வெள்ளிக்கு முகாம் வைக்கிறது உருக்கமாத்தான் இருக்கும். ஆனா அன்னைக்குப் பாதிப் பேர் உபவாசம், ஊசி ஏறினதும் தலை சுத்தி விழுவாங்க. சாப்பிட்டு 4 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். வயசு 18க்கு மேல, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்கணும். 350லேருந்து 450 மில்லி வரைக்கும் எடுப்பாங்க.

மொத்தச் சபையும் ஒரே நாள்ல கொடுக்கிறதும் சரியில்ல. ரத்தத்துலேருந்து பிரிச்செடுக்கிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும், அதுக்கப்புறம் கொட்டத்தான் வேணும். ரத்த வகை வாரியா ஒரு லிஸ்ட் போட்டு, ரத்த வங்கி கேட்குறப்போ ரெண்டு மூணு பேரா அனுப்புங்க. பேருக்குப் பக்கத்துல கடைசியாக் கொடுத்த தேதியையும் எழுதுங்க. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தா யாரை எழுப்புறதுன்னு அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.