கோல்டனுக்கு அரை மணி நேர நடை போதுமாம்!

லேப்காரன்:
ஃபிளாட்டில் வளர்க்க நாய் கேட்ட ஒருவருக்கு நேற்று இங்கே தங்கமுடி அருளிய வாக்கு: "கோல்டன் ரெட்ரீவர் சாது, அரை மணி நேர நடை போதும். லேப் (லேப்ரடார் ரெட்ரீவர்) முரடு, வீட்டை இரண்டாக்கிவிடும்." அரை மணி நேரமா? இரண்டுமே சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரிலும் புதரிலும் தேடி எடுத்துவரப் பழக்கிய இனங்கள். 1868இல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு கோல்டனை உருவாக்கத் தொடங்கியது சோபாவில் படுக்க வைக்கவா? நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டன் கென்னல் கிளப் இரண்டுக்கும் ஒரே கணக்குதான் சொல்கிறது: நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல்.

தங்கமுடி:
அது அந்த ஊர்க் குளிருக்குச் சொன்ன கணக்கு. மே மாதம் சென்னையில் 2 மணி நேரம் நடத்திப் பாருங்கள், நாயைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். எங்கள் வீட்டுப் பெண் காலை அரை மணி நடந்து வந்து, குளியலறை டைல்ஸில் பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டி வயிற்றை ஒட்டிப் படுத்தால் பத்து மணி வரை அசையாது. சாது என்றால் அதுதான்.

லேப்காரன்:
அது சாது இல்லை சார், வெயில் தாங்கவில்லை. டிசம்பரில் என்ன செய்கிறது?

தங்கமுடி:
டிசம்பரிலும் அரை மணி நேரம்தான். சோபாவுக்குள் இருந்த பஞ்சையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டது உங்கள் லேப். படம் போட்டதும் நீங்களேதான்.

லேப்காரன்:
அப்போது அதற்கு எட்டு மாதம்! இரண்டு வயது வரை எந்த ரெட்ரீவரும் குட்டிதான். உங்கள் கோல்டன் என்ன, பிறந்ததும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதா?

கால்நடை மாணவி:
லேப்பா கோல்டனா என்பதைவிட எந்த லைன், அதாவது எந்த வம்சாவளி என்று பாருங்கள். வேட்டை வேலைக்காக வளர்த்த ஒர்க்கிங் லைன் ஒல்லியாக, துறுதுறுவென்று இருக்கும். கண்காட்சிக்காக வளர்த்த ஷோ லைன் கனமாக, கொஞ்சம் நிதானமாக இருக்கும். இது இரண்டு இனத்துக்கும் பொருந்தும். அப்புறம், சாது என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆள்மேல் தாவாததையா, தனியே விட்டால் அழாததையா?

லேப்காரன்:
அது இருக்கட்டும்மா. அரை மணி நேரம் போதுமா, போதாதா?

பழைய பாண்டி:
சின்னத் திருத்தம். 1868இல் அவர் பிரபுவே இல்லை. பட்டம் 1881இல்தான் வந்தது.

லேப்காரன்:
ரொம்ப அவசியம். பட்டம் வந்த வருஷத்தை வைத்து நான் நாயை நடத்த முடியுமா?

நாட்டுநாய்ப் பிரியன்:
குளிர்நாட்டு நாயை ஏசியில் வைத்து இவ்வளவு சண்டை. சிப்பிப்பாறை வாங்கினால் வெயில் கவலையே இல்லை.

லேப்காரன்:
முயல் விரட்டுகிற நாயை ஃபிளாட்டில் கட்டிப்போடச் சொல்கிற நீங்கள்தான் நாட்டுநாய்ப் பிரியனா?

நாட்டுநாய்ப் பிரியன்:
லேப் வளர்க்கிறவர்களுக்கு வாய் மட்டும் வேட்டைக்குப் போகும்.

தங்கமுடி:
நன்றாகக் கேட்டீர்கள். இவ்வளவு நடை பேசுகிறவரின் லேப் ஏன் பீப்பாய் மாதிரி இருக்கிறது?

லேப்காரன்:
2016இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வைப் படியுங்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லேப்புக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவிலேயே கோளாறு. சாப்பிட்டாலும் பசி அடங்காது. அதனால்தான் நடை வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

கால்நடை மாணவி:
உங்கள் லேப்புக்கு அந்த மரபணுச் சோதனை செய்தீர்களா?

லேப்காரன்:
முகத்தைப் பார்த்தாலே தெரியுமே.

தங்கமுடி:
மரபணுவுக்கு முன்னால் தயிர்சாதத்தைக் குறையுங்கள். எடை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

லேப்காரன்:
எடையை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் உங்கள் கோல்டனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டி வாருங்கள், சங்கிலியை அவிழ்த்து விடலாம். அரை மணியில் தானாகத் திரும்பி வருகிறதா பார்ப்போம்.

தங்கமுடி:
வருகிறேன். எடை பார்க்கும் மெஷினும் கொண்டு வருகிறேன்.