எம்.எஸ். நேர்காணலுக்குப் பேசிப் பழக உதவி வேண்டும்

வணக்கம். தம்பி மெக்கானிக்கல் முடித்தவன், கேட் (GATE) என்னும் முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண், இப்போது சென்னை ஐஐடியில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல் வந்திருக்கிறது. கேட் தேர்வில் 65 கேள்வி, 100 மதிப்பெண், வாய் திறந்து பேச வேண்டிய கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. நேர்காணலில் அப்படியில்லை, யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போட வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று நிதானமாகச் சொல்லவும் வேண்டும். இவன் பீம் (பாரம் தாங்கும் உத்தரம்) கணக்கைத் தாளில் சரியாகப் போட்டுவிடுகிறான், "ஏன் நடுவில் பெண்டிங் மொமெண்ட் (உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன்) அதிகம்?" என்று கேட்டால் பென்சிலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் செமினார் என்றாலே ஸ்லைடைப் பார்த்து வாசிப்பதுதான், பாவம், அவனைச் சொல்லி என்ன.

அங்கே படித்தவர்கள் யாராவது கூகுள் மீட்டில் அரை மணி நேரம் மாதிரி நேர்காணல் எடுக்க முடியுமா? கடுமையாகவே கேளுங்கள். அப்புறம், ஆங்கிலம் திக்கினால் மதிப்பெண் குறையுமா என்பதையும் சொல்லுங்கள், அதற்குத்தான் ரொம்பப் பயப்படுகிறான்.