பிளாங்கிலும் டைபியூட்டைல் பாஸ்பேட் பீக். அமில மாதிரியில் அளவு குறைகிறது. உதவி தேவை

கரைப்பான்_மாணவர்:
அணு எரிபொருள் மறுசுழற்சியில் யுரேனியம், புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் கரைப்பான் இது: டோடெகேனில் 30% டிரைபியூட்டைல் பாஸ்பேட். 4 மோலார் நைட்ரிக் அமிலத்தோடு குலுக்கி, காமா சேம்பரில் (காமா கதிர் பாய்ச்சும் கருவி) வைத்து எடுக்கிறேன். யுரேனியம், சிர்கோனியம் எதுவும் சேர்க்கவில்லை. டிரைபியூட்டைல் சிதைந்து உருவாகும் டைபியூட்டைலை டயசோமீத்தேனால் மெத்தில் எஸ்டராக்கி ஜி.சி.யில் (வாயு குரோமட்டோகிராஃபி) பார்க்கிறேன். கதிர்வீச்சே படாத பிளாங்கிலும் (ஒப்பீட்டு மாதிரி) பீக் வருகிறது. அது போக, அமிலம் சேர்க்காத மாதிரியைவிட அமிலத்தோடு வைத்ததில் அளவு குறைவு. அமிலம் இருந்தால் நீராற்பகுப்பும் சேர்ந்து கூடத்தானே வேண்டும்?

பீக்வேட்டை:
ஜி.சி.யில் மாதிரியை ஏற்றும் இன்ஜெக்டரின் சூடு எவ்வளவு? டிரைபியூட்டைல் சூட்டில் உடையும். பிளாங்க் பீக் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

பழைய_ஆய்வகக்காரர்:
இன்ஜெக்டரில் உடைந்தால் கிடைப்பது அமிலம், மெத்தில் எஸ்டர் இல்லையே. மிச்ச டயசோமீத்தேனும் கூடவே உள்ளே போனால்தான் அந்த இடத்தில் பீக் வரும். நைட்ரஜன் ஊதி மிச்சத்தை விரட்டிவிட்டு மறுபடி போடுங்கள் தம்பி. பீக் அப்படியே நின்றால் சரக்கு பாட்டிலிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் டிரைபியூட்டைலில் கொஞ்சம் டைபியூட்டைல் இருப்பது வழக்கம்தான். 5% சோடியம் கார்பனேட்டில் சில முறை கழுவி, பிறகு தண்ணீரில் கழுவுங்கள். மறுசுழற்சிக்குப் போகும் கரைப்பானை ஆலையிலும் கார்பனேட்டில்தான் கழுவுகிறார்கள்.

இரண்டாவதுதான் கவலை. 4 மோலார் அமிலத்தோடு குலுக்கிய கரைப்பான் அரை மோலாருக்கு மேல் நைட்ரிக் அமிலத்தை உறிஞ்சியிருக்கும். நீங்கள் தேடும் டைபியூட்டைலோ மில்லிமோலார் கணக்கு. டயசோமீத்தேனை முதலில் தின்பது யார்? நைட்ரிக் அமிலம்தான். அதில் உருவாகும் மெத்தில் நைட்ரேட் வெடிக்கும் பொருள். டயசோமீத்தேனும் வெடிக்கும், நஞ்சும்கூட. இந்த மாதிரியை அப்படியே மெத்திலேற்றுவதை இன்றே நிறுத்துங்கள்.

கரைப்பான்_மாணவர்:
தண்ணீரில் கழுவி அமிலத்தை எடுத்துவிட்டால் போதுமா சார்?

பழைய_ஆய்வகக்காரர்:
டைபியூட்டைல் மேலும் சிதைந்து வரும் மோனோபியூட்டைல் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும், டைபியூட்டைலும் கொஞ்சம் போகும். கழுவிய நீரையும் அளக்க வேண்டிவரும். அதற்கு அயான் குரோமட்டோகிராஃபியே (கரைசலில் உள்ள அயனிகளைப் பிரித்து அளப்பது) மேல். நீர்த்த காஸ்டிக்கில் (சோடியம் ஹைட்ராக்சைடு) பிரித்தெடுத்து, அந்த நீர்க்கட்டத்தை ஹெக்ஸேனால் கழுவி ஒட்டிய டிரைபியூட்டைலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். நைட்ரேட் பீக் மலைபோல் நிற்கும். டைபியூட்டைல் அதிலிருந்து விலகி வருகிறதா என்று பார்த்துத்தான் எலுவென்ட்டை (மாதிரியைக் காலம் வழியே நகர்த்தும் கரைசல்) முடிவு செய்யவேண்டும். காஸ்டிக்கில் சூடாகவோ நாள்கணக்காகவோ வைக்காதீர்கள், டிரைபியூட்டைலே உடைந்து டைபியூட்டைல் ஆகும்.

கல்பாக்கம்_பக்கம்:
சிர்கோனியம் இல்லாதவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆலையில் ஓடும் நிஜக் கரைப்பானில் அது டைபியூட்டைலை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிரித்தெடுப்பு முழுதாக நடக்காது. புளூட்டோனியமும் இப்படித்தான் கரைப்பானிலேயே தங்கிவிடும். எரிப்பளவு கூடிய (உலையில் அதிகம் எரிந்த) வேக உலை எரிபொருளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இங்கே கல்பாக்கத்தில் கோரல் என்ற மறுசுழற்சி ஆலையில் சென்ட்ரிஃபியூகல் எக்ஸ்ட்ராக்டர் (சுழற்றி வேகமாகப் பிரிக்கும் கருவி) வைத்ததற்கு ஒரு காரணம், கரைப்பான் கதிர்வீச்சில் நிற்கும் நேரம் குறைகிறது என்பது.

கரைப்பான்_மாணவர்:
நைட்ரஜன் ஊதியும் பிளாங்க் பீக் அசையவில்லை. கார்பனேட்டில் கழுவியதும் காணோம்! இனி அயான் முறைதான். அமில மாதிரியில் அளவு குறைவது நிஜ வேதியியலா, அளவீட்டுக் கோளாறா என்று எப்படிப் பிரிப்பது?

பழைய_ஆய்வகக்காரர்:
கதிர்வீச்சு படாத, கழுவிய கரைப்பானை அதே அமிலத்தோடு குலுக்குங்கள். தெரிந்த அளவு டைபியூட்டைல் சேர்த்து முழு வேலையையும் செய்யுங்கள். போட்டது திரும்பி வந்தால் முறை சரி. அந்த முறையிலும் அமில மாதிரியில் அளவு குறைந்தால், குறைவு வேதியியலுடையது. தரநிலைக் கரைசல்களிலும் அதே அளவு நைட்ரேட் இருக்கட்டும்.