சிறுபோகத் தண்ணீரை யார் பங்கிடுவது? கதையாட்டத்தில் நடத்துநரின் அதிகாரம் பற்றி

துருசடி எழுதியது:
கிளிநொச்சியில் எங்கள் குழு நடத்திவரும் டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டத்தின் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பேசியே கதையை வளர்க்கும் ஆட்டம்) களம், பெரிய குளமொன்றின் கீழுள்ள கற்பனைக் கிராமம். காலபோகம் (மாரிமழைக்கால நெற்செய்கை) முடிந்துவிட்டது, சிறுபோகத்துக்கு (வறண்டகால நெற்செய்கை) எஞ்சிய தண்ணீர் பாதி வயலுக்கே போதும், யாருக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் தீர்க்க வேண்டும். இங்குள்ள இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிராமத்தின் பழைய வழக்குகள், வாய்க்கால்கள், உறவுகள், பகைகள் அனைத்தையும் மேசையைச் சுற்றி இருப்போர் எல்லோரும் சேர்ந்தே உருவாக்குகிறோம். நடத்துநராகிய நான் கேள்விகளை மட்டும் கேட்கிறேன்.

1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் உருவாக்கிய, இவ்வகையின் முதல் ஆட்டமான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', போர் விளையாட்டுகளின் நடுவர் மரபிலிருந்து வந்தபடியால், கதையின் உலகம் முழுவதையும் நடத்துநர் என்ற ஒருவர் கையில் ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டை இன்றும் மாற்றமுடியாத விதியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட 'த குவாயட் இயர்' ஆட்டத்தில், சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளும் ஓர் ஆண்டின் 52 வாரங்களாகின்றன; ஊரின் வரைபடத்தை எல்லோரும் முறைவைத்து வரைகிறார்கள்; தன்னைக் கேளாமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பவர், வாதாடாமல், தன் மனக்குறைக்கு அடையாளமாக ஒரு வில்லையை (சிறு வட்டத் துண்டு) எடுத்துத் தன் முன்னால் வைக்கிறார். சிறுபோகக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் கண்டதில்லை.

பாலைநிழல் எழுதியது:
வில்லை நல்ல விதிதான், தம்பி. ஆனால் உங்கள் கிராமத்தில் ஓர் இரவில் யாரோ வாய்க்கால் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டியது யார் என்று ஆட்டக்காரரையே கேட்டால், அவர் வாயில் வரும் பெயரே விடையாகிவிடும்; அதுவரை மற்றவர்கள் கவனித்துச் சேர்த்த தடயங்களுக்கு என்ன மதிப்பு? நான் வவுனியாவில் நடத்தும் ஆட்டத்தில், குற்றத்தைச் செய்தவர் யார், பார்த்தவர் யார், பார்த்தவர் ஏன் பேசவில்லை என்பதையெல்லாம் முதல் நாளுக்கு முன்பே எழுதிவிடுவேன்; பிறகு ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். இரவல் கொடுத்த மண்வெட்டி கழுவித் திரும்பி வந்தது என்று நான் போகிறபோக்கில் சொன்னதை ஒரு தங்கச்சி நினைவில் வைத்திருந்து, பல வாரங்கள் கழித்து எடுத்துக் காட்டினார். கேள்விக்கு முன்பே விடை இருந்ததால்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் அவர் அதைக் கற்பனை செய்ததாகவே ஆகியிருக்கும்.

துருசடி எழுதியது:
துப்பறியும் கதைக்கு நீங்கள் சொல்வது சரி, அண்ணை. எங்கள் ஆட்டம் துப்பறிவதல்ல; தாகத்தில் அயலவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்ப்பது. எதிர்பாராமையைத் தரப் பகடையே போதும். வின்சன்ட் பேக்கரும் மெகே பேக்கரும் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' முறையில் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுகிறோம். 10உம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலைகொடுத்துப் பெறும் வெற்றி. 6உம் அதற்குக் கீழும் சிக்கல். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாதபோது முழு வெற்றிக்கு 36இல் 6 வாய்ப்புகளே உண்டு. மற்ற இரண்டுக்கும் தலா 15 வாய்ப்புகள். எனவே பெரும்பாலும் எதையாவது இழந்துதான் எதையாவது பெறவேண்டியிருக்கிறது. (லூடோப் பெட்டியிலுள்ள பகடையே இதற்குப் போதும் என்பதை, இருபதுமுகப் பகடையைத் தேடி அலைந்தவர்கள் மெச்சுவார்கள்.)

முள்ளியவளை வாசகி எழுதியது:
விடை மறைந்திருந்தால்தான் ஈர்ப்பு என்ற பாலைநிழல் அண்ணையின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் கோவலன் கொலையுண்பான் என்பது தெரியும். தெரிந்தும் அமர்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவன் எப்படி அங்கே போய்ச்சேர்கிறான் என்பதே அவர்களைப் பிடித்துவைக்கிறது.

ஆனால் துருசடி அண்ணையின் திறந்த கேள்விகளில் எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. "வாய்க்கால் வெட்டும்போது மண்ணுக்குள் என்ன அகப்பட்டது?" என்று நீங்கள் ஒருவரைக் கேட்கிறீர்கள். அவர் வேறெங்கோ வளர்ந்தவராக இருந்தால் பழங்காசு என்றோ புதையல் என்றோ சொல்வார், அல்லது யோசியாமல் ஒரு செருப்பு என்பார். வன்னியில் ஆட்டம் நடக்கும் மேசைகளில் 2009ஐ இங்கேயே கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செருப்பு அவர்களுக்கு வெறும் கதைப்பொருள் அல்ல. எழுதும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறவர், எதை எழுதக்கூடாது என்பதையும் முதலிலேயே எல்லோரோடும் பேசியாக வேண்டும். ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் வகுத்த முறையில், கோட்டுக்கு அப்பால் வைத்தவை கதையில் வரவே வரா. திரைக்குப் பின்னால் வைத்தவை நடந்தனவாக இருக்கும், ஆனால் காட்டப்படமாட்டா. ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டை மேசை நடுவே இருந்தால், அதைத் தொட்டவரிடம் காரணம் கேளாமல் அந்த விடயத்தை நீக்கிவிடலாம்.

பாலைநிழல் எழுதியது:
இது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒருவர் முன்கூட்டி எழுதினால் அந்தச் செருப்பு மேசைக்கு வந்தே இராது.

துருசடி எழுதியது:
அந்த ஒருவருக்கு மற்றவர்கள் பட்டது எல்லாம் தெரியும் என்று எப்படி நம்புவது, அண்ணை? தனியே இருந்து எழுதியவர் தன் காயத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்தவரின் காயத்தில் நேரே கைவைக்கக்கூடும். அட்டை எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருப்பதே அதைவிடப் பாதுகாப்பு.

முள்ளியவளை வாசகி எழுதியது:
எங்கள் குழுவில் போரை நாங்கள் கோட்டுக்கு அப்பால் வைக்கவில்லை, திரைக்குப் பின்னால்தான் வைத்தோம். போரே நடக்காத வன்னிக் கிராமத்தை எங்களால் நம்பி விளையாட முடியவில்லை. வரைபடம் வரைந்தபோது ஒரு தோழி பூட்டிய வீடொன்றையும் அதற்குரிய வயலையும் சேர்த்தார். அந்த வீட்டுக்காரர் எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஒரு நடத்துநர் தயாரித்துக் கொண்டுவந்திருந்தால் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பாலைநிழல் எழுதியது:
அந்த வயலுக்குச் சிறுபோகப் பங்கு உண்டா, இல்லையா? பங்கு உண்டென்றால் தண்ணீரை யார் பயன்படுத்துவது? அதை ஆட்டக்காரர்கள் அந்தந்த நேரத்து உணர்ச்சியில் தீர்த்தால், பேச்சு வல்லவர் தண்ணீரைக் கொண்டுபோவார். எதிரே இருப்பவர் தன் முன்னால் வில்லைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். வராதவர் சார்பில் பேச மேசையில் ஒருவர் இருக்க வேண்டும் என்றால், அது நடத்துநராகத்தான் இருக்க முடியும். அதற்காகவேனும் அவருக்கு எழுதிவைத்த சில விதிகள் வேண்டும் என்பதிலிருந்து நான் மாறவில்லை.

துருசடி எழுதியது:
அந்த வேலையை நடத்துநருக்கு ஏன் கொடுக்கிறீர்கள், அண்ணை? கூட்டம் நடக்கும் நாளில் அந்தப் பூட்டிய வீட்டுக்காரரின் கதாபாத்திரத்தை ஓர் ஆட்டக்காரர் எடுக்கட்டும். நீங்கள் கிளிநொச்சிக்கு வருவதாக இருந்தால் அதை உங்களுக்கே தருகிறோம்.